இரு மடங்கு வேகத்துக்கு எத்தனை மடங்கு டீசல்?

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில், வெள்ளாற்றங்கரையில் நின்று பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவது மணல்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு நுரைத்துக்கொண்டு ஓடும். அப்போது ஓர் அரச இலையைப் பறித்து நீரில் போடுங்கள். அது கூடலையாற்றூரில் மணிமுத்தாற்றின் நீரோடு கலந்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையில் கடலைச் சேரக்கூடும். இந்தப் பயணத்துக்கு அந்த இலை ஒரு சொட்டு எரிபொருளும் செலவழிப்பதில்லை. நீர் போகும் வேகத்திலேயே அதுவும் போகிறது. நீருக்கும் இலைக்கும் இடையே போட்டி இல்லை; எனவே செலவும் இல்லை.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகத்தில் நிற்கும் விசைப்படகின் கதை வேறு. அது நீரைவிட விரைவாகப் போகவேண்டும். சில வேளை நீரை எதிர்த்தே போகவேண்டும். அதற்காக அது டீசலை எரிக்கிறது. எவ்வளவு எரிக்கிறது? வேகத்தை இரு மடங்காக்கினால் செலவும் இரு மடங்கு ஆகும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அப்படி நினைத்துக் கடலுக்குப் போகிறவர் கரை திரும்ப முடியாமல் நடுவழியில் நின்றுவிடக்கூடும். எப்படி என்று பார்ப்போம்.

தண்ணீர் ஏன் தடுக்கிறது?

குளத்தில் இறங்கி, இடுப்பளவு நீரில் ஓட முயன்றிருக்கிறீர்களா? மெதுவாக நடந்தால் நீர் வழிவிடுகிறது. ஓட முயன்றால் சுவர்போல் நின்று தடுக்கிறது. காற்றைவிட நீர் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. ஆகவே சாலையில் பேருந்துக்குக் காற்று தரும் தடையைக் காட்டிலும், படகுக்கு நீர் தரும் தடை மிகவும் பெரிது.

இந்தத் தடை வேகத்தோடு எப்படி வளர்கிறது? ஒரு படகு முன்னேறும்போது எதிரே உள்ள நீரை ஒதுக்கித் தள்ளுகிறது. வேகம் இரு மடங்கானால், ஒரு விநாடியில் அது ஒதுக்கவேண்டிய நீரின் அளவும் இரு மடங்காகும். அதோடு நின்றுவிடவில்லை. அந்த நீரை முன்போல இரு மடங்கு வேகத்தில் ஒதுக்கவும் வேண்டும். இரண்டை இரண்டால் பெருக்கினால் நான்கு. அதாவது, வேகம் இரு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

வேலை என்பது விசையைத் தூரத்தால் பெருக்கி வருவது என்று படித்திருக்கிறீர்கள். அதே தூரத்தை நான்கு மடங்கு தடையை எதிர்த்துக் கடந்தால் நான்கு மடங்கு வேலை. ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டீசல் நான்கு மடங்கு செலவாகும். இனி ஒரு மணி நேரக் கணக்கைப் பாருங்கள். அந்த ஒரு மணியில் படகு இரு மடங்கு தூரம் போகிறது அல்லவா? எனவே ஒரு மணிக்கு ஆகும் செலவு எட்டு மடங்கு!

மணிக்கணக்கா, கிலோமீட்டர்க் கணக்கா?

இந்த இரண்டு கணக்குகளையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. அதற்காக ஓர் எடுத்துக்காட்டுப் படகை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 9 மீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அது ஒரு மணிக்கு 1 லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

மீன் கிடைக்கும் இடம் கரையிலிருந்து 18 கிலோமீட்டர். போய்வர 36 கிலோமீட்டர்.

மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போய்வர 6 மணி நேரம். மணிக்கு 1 லிட்டர். மொத்தம் 6 லிட்டர்.

மணிக்கு 9 கிலோமீட்டர் என்றால் 4 மணி நேரம். வேகம் ஒன்றரை மடங்கு. ஒன்றரையை மூன்று முறை பெருக்கினால் 3.375. ஒரு மணிக்கு அத்தனை லிட்டர். மொத்தம் 13.5 லிட்டர்.

மணிக்கு 12 கிலோமீட்டர் என்றால் 3 மணி நேரம். ஒரு மணிக்கு 8 லிட்டர். மொத்தம் 24 லிட்டர்.

பயண நேரம் பாதியாயிற்று. டீசல் நான்கு மடங்காயிற்று. மீன்பிடித் தொழிலில் டீசல் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று. வலையில் மீன் விழுந்தாலும் விழாவிட்டாலும் அந்தச் செலவு உண்டு. அதைக் கழித்த பிறகே படகில் சென்றவர்களுக்குப் பங்கு கிடைக்கும்.

சரி, மிக மெதுவாகப் போனால் போதுமா? அதுவும் முடியாது. பிடித்த மீன் கெட்டுப்போகும், வானிலை மாறும். எந்திரமும் மிகக் குறைந்த சுமையில் ஓடும்போது டீசலைத் திறம்படப் பயன்படுத்துவதில்லை. ஆனால் வேகத்தைச் சிறிதே குறைத்தாலும் மிச்சம் பெரிது. 12 கிலோமீட்டருக்குப் பதில் 10.8 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். பத்தில் ஒரு பங்குதான் குறைவு. 36 கிலோமீட்டருக்கு 3 மணி 20 நிமிடம் ஆகும். டீசல் 24 லிட்டரிலிருந்து சுமார் 19.5 லிட்டராகக் குறையும். இருபது நிமிடத்துக்கு விலை நாலரை லிட்டர்!

எண்ணெய் குறைந்தால் விரையலாமா?

இப்போது ஓர் ஆபத்தான நிலையை நினைத்துப் பாருங்கள். அதே படகில் 20 லிட்டர் டீசல் மட்டும் இருக்கிறது. படகோட்டி மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். ஒன்றரை மணி நேரத்தில் 18 கிலோமீட்டர் கடந்துவிடுகிறார். 12 லிட்டர் தீர்ந்துவிட்டது. மிச்சம் 8 லிட்டர். வானம் கறுக்கிறது.

"எண்ணெய் தீருமுன் கரைக்கு விரைந்து போய்விடுவோம்" என்று அவர் அதே வேகத்தில் திரும்பினால் என்ன ஆகும்? 8 லிட்டர் சரியாக ஒரு மணி நேரம் வரும். 12 கிலோமீட்டர் கடந்ததும் எந்திரம் நின்றுவிடும். கரைக்கு இன்னும் 6 கிலோமீட்டர் இருக்கும்.

அவர் வேகத்தை 9 கிலோமீட்டராகக் குறைத்தால்? 18 கிலோமீட்டருக்கு 2 மணி நேரம், 6.75 லிட்டர். ஒன்றேகால் லிட்டர் மீதியோடு கரை சேர்ந்துவிடுவார். 6 கிலோமீட்டராகக் குறைத்தால் 3 லிட்டரே போதும்.

மனம் விரையச் சொல்கிறது. கணக்கு மெதுவாகப் போகச் சொல்கிறது. எண்ணெய் குறைந்த படகு விரைந்து போனால் எண்ணெய் முந்திக்கொண்டு தீரும். இதனால்தான் அனுபவமுள்ள படகோட்டிகள் ஒரு விதியைச் சொல்வார்கள்: எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராத இடருக்கு. அந்த மூன்றாம் பங்கைத் தொடாமல் கரை திரும்புவதே நல்ல பயணம்.

தன் அலையிலேயே ஏறும் படகு

நாம் போட்ட கணக்கில் இன்னும் ஒன்று சேர்க்கவேண்டும். வேகம் ஓர் எல்லையை நெருங்கினால், செலவு எட்டு மடங்கைவிடவும் கூடிவிடும். காரணம், அலை.

ஓடும் படகின் இரு புறமும் அலைகள் விரிந்து செல்வதைப் பார்த்திருப்பீர்கள். குளத்தில் நீந்தும் வாத்தின் பின்னாலும் அதே ஆப்பு வடிவம் தெரியும். ஆழமான நீரில் வாத்தானாலும் கப்பலானாலும் அந்த ஆப்பின் கோணம் பொதுவாகச் சுமார் 39 பாகைதான் என்பதை 1887-ஆம் ஆண்டில் கெல்வின் பிரபு கணக்கிட்டுக் காட்டினார். அழகான காட்சிதான். ஆனால் அந்த அலைகளை எழுப்பிய ஆற்றல் எங்கிருந்து வந்தது? எந்திரத்தில் எரிந்த டீசலிலிருந்து வந்தது. கரையில் மோதும் ஒவ்வோர் அலையும் காசு கொடுத்து வாங்கிய எண்ணெயே.

படகு தன்னோடு அலைகளை இழுத்துச் செல்கிறது. நீரலைக்கு ஒரு குணம் உண்டு: எவ்வளவு விரைவாகப் போகிறதோ அவ்வளவு நீளமாக இருக்கும். இங்கே நீளம் என்பது ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அலையின் நீளம் 4 மீட்டர், 13.5 கிலோமீட்டரில் 9 மீட்டர்; 18 கிலோமீட்டரில் 16 மீட்டர்.

நம் 9 மீட்டர் படகு மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் நீளத்தில் இரண்டு அலைகளுக்கு மேல் அடங்கும். படகு பல முகடுகளின் மேல் மட்டமாக இருக்கும். 13.5 கிலோமீட்டரை எட்டும்போது ஒரே அலைதான். முன்பகுதியான அணியத்தில் ஒரு முகடு, பின்பகுதியில் அடுத்த முகடு, நடுவில் பள்ளம். இன்னும் விரைந்தால்? அலை படகைவிட நீளமாகிவிடும். பின் முகடு படகை விட்டுப் பின்னால் நழுவிவிடும். படகின் பின்பகுதி பள்ளத்தில் இறங்கும்; அணியம் மேலே தூக்கிக்கொள்ளும். படகு தானே உண்டாக்கிய நீர்மேட்டில் ஏறிக்கொண்டே இருக்கவேண்டும். எவ்வளவு ஏறினாலும் மேடு தீராது; ஏனென்றால் மேடும் படகோடு வருகிறது!

எந்திரத்தை எவ்வளவு முடுக்கினாலும் வேகம் சிறிதே கூடும், அலைதான் பெரிதாகும். அலையின் உயரம் இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் நான்கு மடங்கு. டீசல் எங்கே போகிறது என்று தெரிகிறதா?

இந்த எல்லை வேகத்தைக் காண எளிய வழி உண்டு. படகின் நீர்மட்ட நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்குங்கள். விடை, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. 9 மீட்டர் படகுக்கு 3 பெருக்கல் 4.5, அதாவது 13.5. 16 மீட்டர் படகுக்கு 18. நீளமான படகு ஏன் எளிதாக விரைகிறது என்பது இப்போது விளங்கும்.

ஃப்ரூடின் மெழுகுப் படகுகள்

இந்த உண்மையை ஆராய்ந்து நிலைநாட்டியவர் வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். 1810-இல் பிறந்து 1879-இல் மறைந்தவர். கப்பலைக் கட்டி முடித்த பிறகு அது எண்ணெயையோ நிலக்கரியையோ அதிகம் தின்கிறது என்று தெரிந்து என்ன பயன்? கட்டுவதற்கு முன்பே சிறிய மாதிரி ஒன்றைச் செய்து நீரில் இழுத்துப் பார்க்கலாமே என்று அவர் எண்ணினார்.

அக்காலத்தில் பலர் இதை நம்பவில்லை. சிறு மாதிரி பெரிய கப்பலைப் போலவா நடக்கும் என்று கேட்டார்கள். ஃப்ரூட் ஒரே வடிவத்தில் வெவ்வேறு அளவுள்ள மாதிரிகளைச் செய்து இழுத்தார். வேகங்கள் நீளத்தின் வர்க்கமூல விகிதத்தில் இருந்தால், சிறிய மாதிரியும் பெரிய மாதிரியும் ஒரே வடிவ அலைகளை எழுப்புவதைக் கண்டார். 1872-இல் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் அவருடைய நீண்ட சோதனைத் தொட்டி வேலை செய்யத் தொடங்கியது. அங்கே மெழுகால் செய்த மாதிரிகளை இழுத்து, தடையை அளந்தார்.

இன்றும் கப்பல் வடிவமைப்பாளர்கள் அவர் வழியையே பின்பற்றுகிறார்கள். சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கடல்சார் பொறியியல் துறையில் இத்தகைய இழுவைத் தொட்டி ஒன்று உள்ளது. அதன் நீளம் சுமார் 80 மீட்டர்.

கப்பல் நிறுவனங்களும் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டன. 2008-ஆம் ஆண்டில் எண்ணெய் விலை மிக உயர்ந்தபோது, பெரிய சரக்குக் கப்பல்களைப் பல நிறுவனங்கள் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டத் தொடங்கின. சரக்கு சில நாள் தாமதமாகச் சேர்ந்தது; எரிபொருள் ஏராளமாக மிச்சமாயிற்று.

நீரின்மேல் சறுக்கும் படகு

"ஃபைபர் படகுகள் இந்த எல்லையைத் தாண்டிப் பறக்கின்றனவே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கனமில்லாத, அடிப்பாகம் தட்டையான படகுக்கு ஒரு தந்திரம் உண்டு. போதிய திறனுள்ள எந்திரம் தள்ளினால், அது தன் அலைமேட்டின் மீது ஏறி, நீரை ஒதுக்குவதை விட்டுவிட்டு நீரின்மேல் சறுக்கத் தொடங்கும். ஓட்டுச்சில்லைக் குளத்தில் சாய்வாக எறிந்தால் தத்தித் தத்திப் போகிறதல்லவா? ஏறக்குறைய அதே போலத்தான்.

இத்தகைய படகுக்கு மிக மோசமான வேகம் நடுவில்தான் இருக்கிறது. மெதுவாகப் போகும்போது செலவு குறைவு. நன்றாகச் சறுக்கும்போது, செலவு அதிகமென்றாலும், போகும் தூரமும் அதிகம். ஆனால் அணியம் வானத்தைப் பார்க்க, பின்பகுதி அமிழ்ந்து, பின்னால் பெரிய அலை எழ ஓடும் அந்த இடைநிலையில், ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் மிகக் குறைவு. சுமை அதிகமானால் படகு அந்த மேட்டைத் தாண்ட முடியாமல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். எனவே ஃபைபர் படகில் ஏற்றும் ஒவ்வொரு தேவையற்ற மூட்டைக்கும் எண்ணெய் விலை உண்டு.

அலையால் இன்னொரு தீங்கும் உண்டு. பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே உள்ள பிச்சாவரத்தில் சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு இருக்கிறது. சுற்றுலாப் பயணிகளைத் துடுப்புப் படகுகளும் மோட்டார் படகுகளும் ஏற்றிச் செல்கின்றன. அங்கே ஒரு படகு விரைந்தால் எழும் அலை, செடிகளின் வேரைப் பிடித்திருக்கும் சேற்றைக் கரைக்கும். மெதுவாகப் போனால் எண்ணெயும் மிச்சம், கரையும் மிச்சம்.

ஓதத்தை எதிர்த்துப் போகும்போது

இனி நம் இலைக்குத் திரும்புவோம். இலை நீரோடு இலவசமாகப் போயிற்று. படகும் அந்த இலவசத்தைப் பயன்படுத்தலாம். கழிமுகத்தில் கடல் ஓதம் உள்ளே ஏறும்போது கரைக்குத் திரும்பினால் நீரே தள்ளிக்கொண்டு வரும். ஓதம் வடியும்போது திரும்பினால் எதிர்த்து வரவேண்டும்.

எதிர்த்து வரவேண்டியிருந்தால் எந்த வேகம் நல்லது? மெதுவாகப் போவதே சிக்கனம் என்று இதுவரை படித்தோம். ஆனால் இங்கே ஒரு மாற்றம் உண்டு. எதிரே வரும் நீர் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வையுங்கள். படகு நீரைக் கிழிக்கும் வேகமும் 4 என்றால், எவ்வளவு டீசல் எரித்தாலும் படகு நின்ற இடத்திலேயே நிற்கும்!

ஒரு மணிச் செலவு வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. அதைக் கரையைப் பார்த்து முன்னேறும் வேகத்தால் வகுத்தால், ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவின் ஒப்பளவு கிடைக்கும். படகின் வேகம் 5 என்றால், 125-ஐ 1-ஆல் வகுக்க 125. வேகம் 6 என்றால், 216-ஐ 2-ஆல் வகுக்க 108. வேகம் 7 என்றால், 343-ஐ 3-ஆல் வகுக்கச் சுமார் 114. வேகம் 8 என்றால், 512-ஐ 4-ஆல் வகுக்க 128. மிகக் குறைவானது எது? 6-க்கு உரியது. அதாவது எதிர்நீரோட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. எதிர்நீரோட்டம் வேறு எந்த அளவாக இருந்தாலும் இந்த ஒன்றரை மடங்கு மாறாது. நீங்களே வேறு எண்களை இட்டுச் சோதித்துப் பாருங்கள்.

படகின் அடிப்பாகத்தையும் மறக்கக்கூடாது. நாள்பட நீரில் கிடக்கும் படகில் பாசியும், கொட்டலசு என்னும் ஓடுடைய சிற்றுயிரும் ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான அடி சொரசொரப்பாகிவிடும்; உராய்வு கூடும். படகைக் கரையேற்றிச் சுரண்டி, வர்ணம் பூசுவது அழகுக்காக மட்டுமல்ல.

நீங்களே செய்து பாருங்கள்

இதற்குக் கடலுக்குப் போகவேண்டியதில்லை. பம்புசெட் தொட்டி ஒன்று போதும். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்; ஆழமான தொட்டியிலோ கிணற்றிலோ செய்யாதீர்கள்.

20 சென்டிமீட்டர் நீளமுள்ள மரத்துண்டு ஒன்றின் ஒரு முனையைக் கூராகச் சீவுங்கள். அந்த முனையில் மெல்லிய நூலைக் கட்டுங்கள். தொட்டியின் விளிம்பில், எளிதாகச் சுழலும் நூற்கண்டுச் சக்கரம் ஒன்றைப் பொருத்தி, நூலை அதன் மேலாக வெளியே தொங்கவிடுங்கள். தொங்கும் முனையில் சிறு காகிதப் பையைக் கட்டி, அதில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று போடுங்கள். நாணயம் இறங்க, படகு ஓடும். முதல் அரை மீட்டரை விட்டுவிட்டு, அடுத்த அரை மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி என்று கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரத்தால் அளவிடுங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

பிறகு அதே நாணயங்கள் நான்கைப் போடுங்கள். வேகம் நான்கு மடங்காகிறதா? இரு மடங்கைத் தாண்டுவதே அரிது என்று காண்பீர்கள். ஒன்பது நாணயம் போட்டால், படகின் முனை தூக்கி, பின்னால் அலை எழுவதைக் கவனியுங்கள். ஃப்ரூட் தம் தொட்டியில் கண்டதும், கடலில் படகோட்டி தம் டீசல் பீப்பாயில் காண்பதும் இதையேதான்.

அளந்த எண்களை வரைபடத்தாளில் குறியுங்கள். கீழே வேகம்; பக்கத்தில் நாணயங்களின் எண்ணிக்கை. கோடு நேராகப் போகாமல் மேல்நோக்கி வளையும். அந்த வளைவை மனத்தில் பதித்துக்கொண்டவர், எண்ணெய் குறையும்போது எந்திரத்தை முடுக்கமாட்டார். வேகத்தைக் குறைப்பார், கரை சேர்வார்.